கதிரவனுக்கும் கத்தரிக்கோலா?

கும்பகோணம் பக்கம் போகிறவர்கள், ஆடுதுறைக்கு அருகிலுள்ள சூரியனார் கோயிலைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கோயில். நடுவே உஷா, சாயா தேவியருடன் கதிரவன். சுற்றிலும் தனித்தனிச் சந்நிதிகளில் மற்ற எட்டுக் கிரகங்கள். மதிலுக்கு வெளியே நெல் வயல்கள். கதிர் முற்றுவதும், களத்தில் நெல் காய்வதும் இவர் தயவால்தான். தைப் பொங்கலன்று வாசலில் பானை வைக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா?

இத்தகைய சூரியனுக்கும் சினிமாவில் ஒரு சங்கடம் வந்தது! 1957-இல் வெளியான 'சக்கரவர்த்தித் திருமக'ளில் எம்.ஜி.ஆர். ஏற்ற பாத்திரத்தின் பெயரே உதயசூரியன். அது தி.மு.க.வின் தேர்தல் சின்னமாக ஊரெங்கும் பரவிய பிறகு நிலைமை மாறிற்று. 1966 பொங்கலுக்கு வந்த 'அன்பே வா'வில், சிம்லாவில் எம்.ஜி.ஆர். பாடி வரும் பாட்டில், கவிஞர் வாலி எழுதியிருந்த 'உதய' என்ற சொல்லைத் தணிக்கையார் ஒப்பவில்லை. 'புதிய' என்று மாற்றினார்கள். பாட்டு நாடெங்கும் ஒலித்தது. மறு ஆண்டுத் தேர்தலில் அந்தச் சின்னமே வென்றது!

தஞ்சை வயல்களிலோ யார் உத்தரவும் கேளாமல் அவர் தினமும் உதிக்கிறார். விடியற்காலையிலேயே போய்ப் பாருங்கள்.