முகவரிக்கு ஒரே ஒரு கட்டம்

டிசம்பர் 3, 2025. மன்னார்

டித்வா புயல் கரைதொட்டு ஐந்து நாள். வெள்ளத்துக்குப் பின்னாலேயே பட்டியலும் வரும்: குடும்பத் தலைவர், அடையாள அட்டை இலக்கம், முகவரி. நிவாரணம் அந்த மூன்று கட்டங்கள் வழியாகத்தான் நடக்கும். இந்த நேரத்தில் பொறியியல் மாணவர்களின் தரவுத்தளப் பாடத்துக்குக் கற்றல் பேறுகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. பழைய ஆவணத்தின் முதல் வரி, “மாணவர் இயல்பாக்கலை விளங்கிக்கொள்வர்” என்கிறது. விளங்கியதை எதைக்கொண்டு அளப்பது? கற்றல் நோக்கங்களைப் படிகளாக அடுக்கும் புளூமின் வகைப்பாடு 1956இல் வந்தது. 2001இல் திருத்தப்பட்டபோது அதன் படிகளே வினைச்சொற்களாயின. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் முழு உறுப்பாகிவிட்டது. அந்த முறையில், ஆசிரியர் எதை நடத்தினார் என்பதைவிட மாணவர் எதைச் செய்துகாட்டுகிறார் என்பதே கணக்கு.

டிசம்பர் 4

“விளங்கிக்கொள்வர்” போயிற்று. “அட்டவணையை மூன்றாம் இயல்பு வடிவத்துக்குக் கொண்டுவருவர்” வந்தது. அளக்கலாம். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

டிசம்பர் 8

ஒப்பாத காரணம் இன்று பிடிபட்டது. இயல்பாக்கல் ஒரே தகவல் இரண்டு இடத்தில் கிடப்பதைத் தடுக்கும். அட்டவணை சொல்வது உண்மையா என்று அது கேட்பதில்லை. அடையாள அட்டையையே எடுத்துக்கொள்வோம். பழையதில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் செல்லும். ஆகவே ஒரே ஆளை இரண்டு ஆளாகப் பதிய வழி உண்டு. பிறந்த ஆண்டும், அந்த ஆண்டில் எத்தனையாம் நாள் என்பதும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. பெண் என்றால் நாளோடு 500 கூட்டப்படுகிறது. பிறந்த திகதி ஒருமுறை தவறாகப் பதிவானால், ஆளை இனங்காட்டும் முதன்மைச் சாவியே தவறு. முகவரி இன்னும் சிக்கல். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னார்க்காரர் பலர் புத்தளத்தில் குடியேறினார்கள். 2019 ஜனாதிபதித் தேர்தலிலும் அங்கிருந்து பேருந்தேறி வந்து மன்னாரில் வாக்களித்தார்கள். அவர்களுக்கு வாழும் ஊர் ஒன்று, உரிமையுள்ள ஊர் ஒன்று. “முகவரி” என்று ஒரே கட்டம் வைத்த அட்டவணை மூன்றாம் இயல்பு வடிவத்தில் அப்பழுக்கில்லாமல் இருக்கலாம். அவர்கள் ஒவ்வொருவரிலும் பாதியைத்தான் அது கொள்ளும்.

டிசம்பர் 15

அடுத்தது வெற்றுப் பெறுமானம், அதாவது அட்டவணையில் நிரப்பாமல் விடப்படும் கட்டம். எட்கர் கொட் 1970இல் தொடர்பு மாதிரியை முன்வைத்தார். பின்னர், 1990 நூலில், வெறுமையையே இரண்டாகப் பிரித்தார்: இருந்தும் தெரியாதது ஒன்று, பொருந்தவே பொருந்தாதது மற்றொன்று. இந்தக் கரையில் இது வகுப்பறை நுணுக்கம் மட்டுமல்ல. காணாமல் ஆக்கப்பட்டவரின் “இறந்த திகதி” எந்த வெறுமை? அப்படி ஒரு திகதி உண்டா என்பதே கேள்வியாக நிற்கும்போது கொட்டின் இரண்டும் போதா. மரணச் சான்றிதழை ஏற்க மறுத்த குடும்பங்களுக்கு, ஆளைக் காணவில்லை என்பதற்கே சான்றிதழ் வழங்க 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. ஆம், இல்லை என்ற இரண்டு விடைக்கு நடுவே சட்டமே மூன்றாவது நிலையொன்றை ஏற்றுக்கொண்ட பிறகு, எங்கள் அட்டவணைகள் ஏன் இரண்டோடு நிற்கின்றன?

டிசம்பர் 17

அட்டவணையில் யாரைப் பதிய முடியாது என்று கண்டறிவதையும் ஒரு பேறாக்கினால் வரக்கூடிய மறுப்புகள். இது ஒழுக்கவியல் பாடத்துக்குரியது என்பார்கள். இல்லை: கட்டத்தை வரைபவர் பொறியியலாளர், தவறும் வரையும் இடத்திலேதான் நடக்கிறது. இதற்குப் புள்ளியிட முடியாது என்பார்கள். முடியும்: ஓர் அட்டவணையைக் கொடுத்து, அதில் பதிய முடியாத மூன்று பேரைக் காட்டி, திருத்தி வரையச் சொன்னால் விடை கண்முன்னே இருக்கும். நிறுவனங்கள் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லைத்தான் கேட்கின்றன என்பது உண்மை. அதைக் குறைக்கச் சொல்லவில்லை. கடைசி மறுப்புக்குத்தான் வலு அதிகம்: கட்டங்கள் பெருகினால் படிவம் நீளும், வெள்ளத்தில் நிற்பவருக்கு நீண்ட படிவமும் ஒரு தடை. இதற்கு விடை எழுதவில்லை.

டிசம்பர் 29

வரைவில் ஐந்தாம் பேறு இப்படி நிற்கிறது: “கொடுக்கப்பட்ட தரவுத்தளத்தில் யாரைப் பதிய முடியாது என்பதைக் கண்டறிந்து, வடிவமைப்பைத் திருத்துவர், அதன் செலவையும் நியாயப்படுத்துவர்.” எத்தனை புள்ளி என்ற இடம் இன்னும் வெறுமை.