இரைப்பைக்கு இட்ட பட்டி

பசியைப் பிணி என்றே வழங்கி வந்தவர்கள் எம் முன்னோர். மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்னும் விஞ்சை மகள், முனிவன் ஒருவனின் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசிநோய்க்கு ஆளாகிறாள். எவ்வளவு உண்டாலும் அவள் பசி அடங்குவதில்லை. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவே அதனைத் தீர்க்கிறது. அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்று கொள்வோர் உளர். ஆய்வாளர் அனைவரும் அதனை ஏற்றிலர் எனினும், நயினை நாகபூசணி அம்மன் ஆலயச் சூழலிலுள்ள அன்னதான மண்டபம் அமுதசுரபி என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பசித்தவருக்கு உணவிடுவதன் சிறப்பை நாம் நிரம்பக் கற்றிருக்கிறோம். உண்பதைக் குறைப்பதற்காக இரைப்பையையே கட்டிவைக்கும் சிகிச்சை பற்றி அறிந்ததோ சொற்பம். கலைப்பீட மாணவி ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தீவுப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பாரிசிலோ வாழ்கின்றார். அங்கே செய்யப்பட்ட சிகிச்சை, விடுமுறைக்கு வருவோருடன் குறிகாட்டுவானிற் படகேறி இங்கும் வந்துவிடுகின்றது. என் பெரியம்மாவுடன் அது வந்தது.

அவர் வேலணையிற் பிறந்து இலண்டனில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்பவர். 2009ஆம் ஆண்டில், 104 கிலோகிராம் நிறையும் நீரிழிவும் முழங்கால் நோவும் சேர்ந்து வருத்திய வேளையில், அங்குள்ள தனியார் நிலையமொன்றில் இரைப்பைப் பட்டி பொருத்திக்கொண்டார். ஊரில் எவருக்கும் சொல்லவில்லை. "சாப்பாட்டை அடக்கத் தெரியாமல் வயித்தைக் கட்டினவள்" என்ற பேச்சுக்கு அஞ்சினார். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. உடற்பருமனை நோயாகக் கருதாது ஒழுக்கக்கேடாகக் கருதும் வழக்கம் எம்மிடையே இன்னும் உண்டு.

பட்டி என்பது சிலிக்கனால் ஆன வளையம். வயிற்றைப் பெரிதாகத் திறவாது, சிறு துளைகளினூடாகக் கருவிகளைச் செலுத்தி, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி அதனைப் பூட்டுவர். வளையத்துக்கு மேலே 15 முதல் 30 மில்லிலீற்றர் வரை கொள்ளத்தக்க சிறு பையொன்று அமைகிறது. சில கரண்டி உணவிலேயே அது நிறைந்து, வயிறு நிரம்பிய உணர்வைத் தருகிறது. வளையத்தின் உட்புறம் ஊதத்தக்கது. அதிலிருந்து மெல்லிய குழாயொன்று, வயிற்றுத் தோலின் கீழ்ப் பதித்த சிறு குமிழுடன் இணைகிறது. தோலினூடாகக் குமிழினுள் ஊசியைச் செலுத்திச் சேலைனை ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சியெடுத்தால் நெகிழும். சைக்கிள் ரியூப்பிற்குக் காற்று அடிப்பதும் இறக்குவதும் போன்றதே இது.

இவ்வாறு இறுக்கவும் தளர்த்தவும் கூடிய பட்டியை 1986இல் அறிமுகப்படுத்தியவர், அமெரிக்காவிற் பணியாற்றிய லூபொமீர் குஸ்மாக். எத்தியோப்பியாவிற் பிறந்த மித்திக்கு பெலாச்சு 1993இல் பெல்ஜியத்தில் அதனைச் சிறுதுளை முறையிற் பொருத்தினார். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2001இல் அனுமதி வழங்கியது. சில ஆண்டுகள் பட்டிக்கு மிக்க செல்வாக்கு இருந்தது. பின்னர் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியகற்றும் சிகிச்சை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று புதிதாகப் பட்டி பொருத்துவோர் குறைவு. ஆயினும் முன்னரே பொருத்திக்கொண்டவர்கள் அதனை வயிற்றிற் சுமந்தபடி முதுமையை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள்.

எந்தச் சத்திர சிகிச்சைக்கும் பின்பராமரிப்பு வேண்டும். பட்டியைப் பொறுத்தவரையிலோ பின்பராமரிப்பே சிகிச்சை. பொருத்திய நான்கு முதல் ஆறு வாரங்களின் பின்னரே முதலாவது ஊசி. முதலாண்டிற் பல தடவை சென்று அளவு பார்த்தல் வேண்டும். அதன் பின்னும் ஆயுள் முழுவதும் கண்காணிப்புத் தேவை. பெரியம்மா செலுத்திய பணத்துள் இரண்டு ஆண்டுப் பராமரிப்பே அடங்கியிருந்தது. மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஊசிக்கும் தனிக் கட்டணம். பட்டிக்கு எவ்வளவு என்று கேட்டவர், பட்டியோடு வாழ எவ்வளவு என்று கேட்டிருக்கவில்லை. சிகிச்சையை விற்றவர்களே இதனை முதலிற் சொல்லியிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

பயன் இல்லாமற் போகவில்லை. இரண்டு ஆண்டுகளில் அவர் நிறை 83 கிலோகிராமாகக் குறைந்தது. நீரிழிவு மாத்திரைகளும் குறைந்தன. ஒழுங்காகக் கண்காணிக்கப்படுவோர் தம் மிகையான நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கை இழப்பர் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. மிகையானது 40 கிலோகிராம் எனில் 20 குறையலாம். மணப்பெண்ணாக இருந்த காலத்து உடம்பு திரும்பி வராது.

சென்ற ஆண்டு ஆனித் திருவிழாவிற்கு நயினாதீவு சென்றிருந்தோம். அன்னதானப் பந்தியில் உறவினர் ஒருவர் சோற்றை அள்ளி அள்ளி இட்டார். மறுத்தால் அம்மனின் அன்னத்தை மறுத்ததாகும். காரணம் சொன்னால் இரகசியம் வெளிப்படும். பெரியம்மா விரைந்து சில பிடி உண்டார். சற்று நேரத்தில் நெஞ்சடைத்து, வாயெல்லாம் உமிழ்நீர் ஊறி, நுரைநுரையாக வாந்தியெடுத்தார். "ஒண்டுமில்லைப் பிள்ளை, வெயில்தான்" என்றார். மாலைவரை ஒரு மிடறு தண்ணீரும் இறங்கவில்லை. அன்றிரவு தானாகவே அடைப்பு நீங்கியது. அதன் பின்னரே எனக்கு முழுவதையும் சொன்னார்.

சோறு, பாண், நார் மிகுந்த இறைச்சி ஆகியன பட்டியில் அடைபடும் இயல்பின. பனங்கிழங்கின் தும்பும் கணவாயும் எத்தகையன என்பதைத் தீவார் அறிவர். ஒவ்வொரு சிறு கவளத்தையும் கூழாகும் வரை மென்று விழுங்குதல் வேண்டும். உணவோடு தண்ணீர் குடித்தலாகாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடைபடுபவை அடைபட, ஐஸ்கிறீமும் சோடாவும் பாயசமும் தடையின்றி வழுகிச் செல்லும். எங்கள் ஒடியற்கூழும் அவ்வாறே செல்லும். பட்டி கட்டியும் மெலியாதோர் சிலர் இவ்வழியிலேயே தப்பிவிடுகின்றனர். பெரிய மாத்திரைகளும் சிக்கலாம். அஸ்பிரின், டைக்ளோபினாக் போன்ற நோவு மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை ஆதலின், வைத்தியரைக் கேளாது எடுத்தலாகாது.

இவற்றினும் பாரதூரமானவை சில. பட்டி இடம் வழுகலாம், இரைப்பைச் சுவரை அரித்து உட்செல்லலாம், குழாய் கசியலாம், குமிழிருக்கும் இடத்திற் கிருமி தொற்றலாம். ஆண்டுகள் செல்லச் செல்லக் கணிசமானோருக்கு மீண்டும் சத்திர சிகிச்சை வேண்டியிருக்கிறது. கடும் வயிற்றுநோவுடன் தண்ணீரும் உமிழ்நீரும் இறங்காவிடின் அது அவசர நிலை. உடனே சேலைனை வெளியேற்றிப் பட்டியைத் தளர்த்தல் வேண்டும். வாந்தி பல நாள் நீடிப்பின் உயிர்ச்சத்து பீ1 குறைந்து நரம்புகளும் மூளையும் பாதிக்கப்படலாம். கருவுற்ற பெண்ணுக்கும் பட்டியைத் தளர்த்த வேண்டியிருக்கலாம்.

இலண்டனில் ஓர் அம்புலன்ஸ் வண்டியோடு முடியும் காரியம், நெடுந்தீவில் ஒரு மணிநேரக் கடற்பயணத்தின் பின்னரே தொடங்குகிறது. வாடைக்காற்று வீசும் காலத்திற் படகு புறப்படுமா என்பதும் ஐயமே. குறிகாட்டுவானில் இறங்கிய பின்னும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் தரைவழிப் பயணம் உண்டு. அங்கே வைத்தியர் முதலிற் கேட்பது, என்ன பட்டி, எவ்வளவு சேலைன் ஏற்றப்பட்டது என்பதாகவே இருக்கும். நோயாளி மயங்கிக் கிடக்க, உடன் வந்தவருக்குப் பட்டி இருப்பதே தெரியாதெனின் யார் விடை சொல்வது? குமிழின் மூடியைத் துளைத்துச் சேதப்படுத்தாத தனிவகை ஊசியொன்று உண்டு. அது எல்லா வைத்தியசாலைகளிலும் எவ்வேளையும் கைக்கெட்டும் என்று எண்ணியிருத்தல் கூடாது.

பெரியம்மா ஓய்வு பெற்றபின் வேலணைக்கே வந்து வாழ விரும்புகிறார். வீட்டுக் கூரையும் மாற்றியாயிற்று. புறப்படுமுன் பட்டியைத் தளர்த்தி வருவதா, முற்றாக அகற்றிவிடுவதா என்று அங்குள்ள வைத்தியருடன் பேசிக்கொண்டிருக்கிறார். அகற்றினால் நிறை மீளக் கூடும், நீரிழிவும் திரும்பலாம். வைத்திருந்தால் கடலும் தூரமும் குறுக்கே நிற்கும். முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. இதற்கிடையில் பட்டியின் வகை, பொருத்திய ஆண்டு, கடைசியாக ஏற்றிய சேலைனின் அளவு, ஊசியின் பெயர் ஆகியவற்றை எழுதிய தாளொன்றின் பிரதியை என் தாயாருக்கும் எனக்கும் அனுப்பியிருக்கிறார். வேலணையிலுள்ள மாமிக்கும் ஒரு பிரதி கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன்.