எமது டிராக்டரின் கவர்னர்

கவர்னர் என்றதும் நேயர்கள் கிண்டி மாளிகையை நினைத்தல் வேண்டா. யாம் ஈண்டுக் கூறப்புகுவது, எமது பாட்டனார் விட்டுச் சென்ற மண்ணெண்ணெய் டிராக்டரின் எஞ்சினிலுள்ள ஒரு சிறு கருவியைப் பற்றியேயாம்.

சென்ற கோடை விடுமுறையில் யாம் ஊர் சென்றகாலை, கிணற்று மோட்டார் கருகிப் பழுதுபார்க்கச் சென்றிருந்தது. வாழைகள் வாடி நின்றன. ஆகவே, கொட்டகையில் கிடந்த டிராக்டரை வெளிக்கொணர்ந்து, பம்பிற்குப் பெல்ட் பூட்டி நீர் இறைக்கலானோம். எஞ்சினோ சீறி எழும், உடனே தணியும், மறுபடியும் சீறும்.

பௌதிகம் பயில்வோம் என்னும் செருக்கு எமக்கிருந்தது. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எஞ்சினுக்குக் கவர்னர் அமைத்ததையும், மாக்ஸ்வெல் 1868-இல் அதன் இயக்கத்தைக் கணிதத்தால் ஆராய்ந்ததையும் படித்திருந்தோம். வேகம் மிகுந்தால் சுழலும் எடைகள் விரிந்து, நெம்புகோல் வழியே கார்பரேட்டரின் கதவை மூடும். சுருள்வில் அதனைத் திறக்க முயலும். எனவே, சுருள்வில் தளர்ந்ததென முடிவுகட்டி அதனை இறுக்கினோம். எஞ்சின் முன்னினும் வெறிகொண்டு ஓடிற்று. பெல்ட் கழன்று, அருகில் நின்ற எம் இளவலின் தோளை உரசிச் சென்றது. இன்னும் ஒரு சாண் அணுகியிருப்பின் என்னாகியிருக்கும்! இதனை எழுதுங்கால் எமது கை நடுங்குகின்றது.

எஞ்சினை நிறுத்தி, அடுத்த ஊர் மேஸ்திரியை அழைத்து வந்தோம். அவர் கவர்னரைத் திறந்து, எடையை இரு விரலாற் பற்றி அசைத்தார். அது கடகடவென ஆடிற்று.

"தம்பி, சுருள்வில் நன்றாய்த்தான் இருக்கிறது. பின்னும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. எடை அசைந்தும் கதவு உடனே அசைவதில்லை. அந்த இடைவெளியில் வேகம் வரம்பு கடந்துவிடுகிறது. சுருள்வில்லை இறுக்கினால் அந்த வரம்புதான் உயருமேயன்றி ஆட்டம் நீங்காது" என்றார்.

புதிய பின்களை எஃகில் கடைந்து, புஷ்களை மாற்றி, இணைப்புக் கம்பியின் தேய்ந்த முனைகளையும் புதுக்கினார். யாம் இறுக்கியதைத் தளர்த்தினார். நெம்புகோல் முழுதும் திறந்த நிலையில் கார்பரேட்டரின் கதவும் முழுதும் திறக்குமாறு கம்பியின் நீளத்தைச் சரிசெய்தார்.

அன்று மாலை எஞ்சின் ஒரே சுருதியில் ஓடிற்று. வாழைக்கு நீர் பாய்ந்தது. ஆள்வோனிடம் வலிமை குன்றியதன்று குற்றம். அவன் ஆணை உரிய காலத்திற் சென்று சேராமையே குற்றம். இதனை யாம் ஏட்டிற் கற்றோமல்லோம். தேய்ந்த பின் ஒன்றிடம் கற்றோம்.

வரப்பில் அமர்ந்து இளவலிடம் மன்னிப்புக் கேட்டோம்.

"போகட்டும் அண்ணா, வாழை பிழைத்ததே!" என்றான் அவன்.