அணைக்க முடியாத பெட்டி

ஊரில் அவரை ‘பாட்டரிக்காரர்’ என்றுதான் சொல்கிறார்கள். கயத்தாறு பக்கம் ஒரு கிராமம். லீவில் வந்து பையை இறக்கி வைப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வந்து நிற்பார். “தம்பி, எங்க வீட்டு இன்வெர்ட்டர் ரெண்டு மணி நேரம்கூடத் தாங்க மாட்டேங்கு. செத்த வந்து பாரேன்.” அவரும் முகம் சுளிக்காமல் போய், மூடியைக் கழற்றி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டு வருவார். அதில் அம்மாவுக்கு ஒரு பெருமை.

உண்மையில் அவர் வேலை பார்க்கும் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அது 20 அடி நீளமுள்ள இரும்புக் கன்டெய்னர். துறைமுகத்தில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதே அளவு. எடை 40 டன்னுக்கு மேல். உள்ளே 12 ரேக்குகள், ஒவ்வொன்றிலும் 416 செல்கள். ஆகமொத்தம் 4,992. ஒரு செல்லின் அழுத்தம் 3.2 வோல்ட்தான், டி.வி ரிமோட்டில் போடும் இரண்டு பென்சில் பாட்டரிக்குச் சமம். 416 செல்களை வரிசையாகக் கோத்தால் 1,300 வோல்ட்டைத் தாண்டிவிடும்.

ஒரு கன்டெய்னர் சுமார் 5,000 யூனிட் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அந்தக் கணக்கில் ஒரு பெட்டிக்குள் 50 வீடுகளின் இரண்டு மாத இலவச மின்சாரம் இருக்கிறது. அவர் கடைசியாக வேலை பார்த்த ராஜஸ்தான் சைட்டில் இப்படி 40 பெட்டிகள். பகலில் சோலார் மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லோர் வீட்டிலும் விளக்கும் மிக்ஸியும் ஏ.சி.யும் ஓடும் மாலை நேரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை, அப்பாவைத் தவிர. அப்பா காற்றாலையில் 22 வருஷம் நைட் வாட்ச்மேன். ஆடி மாதம் காற்று பேயாக அடிக்கும்போது, “கரண்டு போதும், காற்றாடியை நிறுத்து” என்று உத்தரவு வந்த ராத்திரிகளை அவர் பார்த்திருக்கிறார். மகன் சொல்லி முடிப்பதற்குள், “அப்போ கம்பைக் குலுக்கையில கொட்டி வைக்கிற மாதிரி கரண்டைக் கொட்டி வைக்கீக” என்றார். அடுத்து ஒரு கேள்வியும் கேட்டார். “குலுக்கையில அந்து விழும்லா? அதுக்கு என்ன செய்வீக?”

அந்து என்பது தானியத்தில் விழும் சின்னப் பூச்சி. அது விழாமல் பார்ப்பதுதான் மகனின் வேலை.

அவர் ஒரு கமிஷனிங் இன்ஜினீயர். பாட்டரியைச் செய்வது வேறு கம்பெனி. மண்ணைத் தோண்டி மேடை போடுவது, கேபிள் இழுப்பது, டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது எல்லாம் வேறு வேறு ஆட்கள். எல்லோரும் முடித்த பிறகு வந்து, ஒவ்வொரு போல்ட்டும் சரியாக முறுக்கியிருக்கிறதா, பிளஸ்ஸும் மைனஸும் மாறாமல் இருக்கிறதா, புகை கண்டுபிடிக்கும் கருவி புகையைக் கண்டுபிடிக்கிறதா, எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் நிற்க வேண்டியதெல்லாம் நிற்கிறதா என்று பார்த்து, முதன்முதலாக மின்சாரம் ஏற்றுகிறவர். கல்யாண வீட்டில் பந்திக்கு முன் உப்பு பார்க்கிறவர் மாதிரி. இங்கே உப்பு பிசகினால் பந்தலே எரிந்துவிடும், அதுதான் வித்தியாசம்.

கடைசியாக வருகிறவர் என்பதால் ஒரு தண்டனையும் உண்டு. கப்பல் பத்து நாள் தாமதம், மழை ஒரு வாரம், கேபிள் கான்ட்ராக்டர் சண்டை போட்டுக்கொண்டு போனது நாலு நாள். இந்த நாட்களெல்லாம் அவர் கணக்கிலிருந்துதான் கழியும். முடிக்க வேண்டிய தேதி மட்டும் நகராது. மூன்று வாரம் கேட்ட வேலைக்கு எட்டு நாள் கொடுத்துவிட்டு, “என்ன சார், வெறும் டெஸ்ட்டிங்தானே பாக்கி?” என்பார்கள்.

பழைய சப்-ஸ்டேஷன் வேலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மரில் கை வைக்க வேண்டுமானால் லைனை ஆஃப் செய்து, எர்த் கம்பி மாட்டிவிட்டுத் தொடலாம். பாட்டரியை அப்படி அணைக்க முடியாது. சுவிட்ச் இருக்கிறது, வெளியே போகும் பாதையைத்தான் அது மூடும். செல்லுக்குள் இருப்பது அப்படியேதான் இருக்கும். கப்பலில் ஏறும்போதே பாதி வயிற்றோடுதான் பெட்டி வருகிறது. அதிலும் இது டி.சி. வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் ஒரு விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. எங்காவது தீப்பொறிக் கீற்று கிளம்பினாலும் அணைவதற்கு அங்கே ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். டி.சி.யில் அந்தச் சந்தர்ப்பம் கிடையாது. பிடித்தால் விடாது.

2021 ஜூலை 30. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஜீலாங் நகருக்குப் பக்கத்தில் மூராபூல் என்ற ஊர். 300 மெகாவாட் பாட்டரி நிலையம், சோதனை ஓட்டத்தில் இருந்தது. 212 பெட்டிகளில் ஒன்று தீப்பிடித்தது. பக்கத்துப் பெட்டிக்கும் பரவியது. அடங்க மூன்று நாளுக்கு மேல் ஆனது. பிறகு விசாரித்ததில் தெரிந்த காரணம், குளிரூட்டும் திரவம் உள்ளே கசிந்திருக்கிறது. கார் ரேடியேட்டரில் ஊற்றுகிறோமே, அந்த ரகத் திரவம்தான். அது மின்கருவிகளின் மேல் பட்டுப் பொறி கிளம்பி, சூடேறி, செல்கள் பற்றிக்கொண்டன. அந்தப் பெட்டி 13 மணி நேரமே ஓடியிருந்தது. அன்றைய சோதனைக்குத் தேவையில்லை என்று அதை ஆஃப் செய்து வைத்திருந்தார்கள். கன்ட்ரோல் ரூமுடன் முழுத் தொடர்பு ஏற்பட அப்போது 24 மணி நேரம் தேவைப்பட்டது. எனவே உள்ளே நடந்தது வெளியே யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

இரண்டு வருஷம் முன்பு, 2019 ஏப்ரலில், அமெரிக்காவின் அரிசோனாவில் அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. சர்ப்ரைஸ் என்ற ஊரில் ஒரு சின்ன பாட்டரி நிலையத்தில் புகை வந்தது. தீயணைப்பு வீரர்கள் காத்திருந்து, பிறகு கதவைத் திறந்தார்கள். உள்ளே சேர்ந்திருந்த வாயு வெடித்தது. நான்கு பேருக்குப் பலத்த காயம். அடிபட்டவர்கள் அதைக் கட்டியவர்களும் இல்லை, சோதித்தவர்களும் இல்லை. கதவைத் திறக்க வந்தவர்கள்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் படித்திருப்பார்கள். படிப்பது வேறு. மார்ச் 27-ம் தேதி சாயந்திரம் ஒரு பிரஷர் மீட்டர் முன்னால் நிற்பது வேறு.

ராஜஸ்தான் சைட்டுக்கு மார்ச் 31 கெடு. 28-ல் முழுக் கொள்ளளவு சோதனை, 29-ல் ஜோத்பூரிலிருந்து விமானம் என்பது அவருடைய திட்டம். 31 முடிந்த கையோடு பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலில் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டியது. அப்போது அவர் கர்நாடகத்தில் ஒரு சைட்டில் மாட்டிக்கொண்டார். இப்போது மூன்று வயது. மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் ஷார்ஜாவிலிருந்து லீவு வாங்கி வந்திருந்தார். தள்ளிப்போட வழியில்லை.

17-ம் நம்பர் பெட்டியின் குளிரூட்டும் குழாயில் அழுத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. அலாரம் அடிக்கவில்லை, அலாரம் அடிக்கும் அளவுக்கு அது இன்னும் இறங்கவில்லை. பாலைவனத்தில் ராத்திரி குளிரில் எல்லாப் பெட்டியிலும் அழுத்தம் இறங்கும், வெயில் ஏறினால் கூடவே ஏறும். ஆகவே யாரும் கவலைப்படவில்லை. அவர் ஆறு நாள் அளவுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 39 பெட்டிகள் ஒவ்வொரு மதியமும் பழைய இடத்துக்கே வந்து நின்றன. 17 மட்டும் ஒவ்வொரு மதியமும் முந்தைய மதியத்தைவிட ஒரு மயிரிழை கீழே நின்றது.

“17-ஐத் திறக்கணும்” என்றார்.

புராஜெக்ட் மேனேஜர் போனில் இந்தியில் கத்தியதன் சாரம் இது: ‘அலாரமே வரவில்லை. எதை வைத்து நிறுத்தச் சொல்கிறீர்கள்? ஏப்ரலில் திறந்து பாருங்கள், யார் வேண்டாம் என்றது?’ அந்த மனிதரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு மேலே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். 39 பெட்டிகளோடு சோதனையை நடத்தலாம்தான். ஆனால் காகிதத்தில் முழு 100 மெகாவாட் என்று எழுத முடியாது. 40-ம் தயார் என்று கையெழுத்துப் போட வேண்டியவர் இவர் ஒருவர்தான். கூட இருந்த பையனுக்கு இரண்டு வருஷ அனுபவம். அவன் கையெழுத்துச் செல்லாது.

அவர் கையெழுத்துப் போடவில்லை.

28-ம் தேதி காலையில் பெட்டியைத் தனிமைப்படுத்தித் திறந்தார்கள். மூன்றாவது ரேக்கின் பின்பக்கம், கையும் டார்ச்சும் சேர்ந்து நுழைய முடியாத இடத்தில், ஒரு குழாய் இணைப்பு. அதன் அடியில் காய்ந்துபோன ஒரு தடம், டம்ளரில் டீ வழிந்து காய்ந்த மாதிரி. அவ்வளவுதான். ஒரு ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் மடங்கியிருந்தது. அதை மாற்ற 20 நிமிஷம். பிறகு ஈரம் துடைத்து, காயவைத்து, இன்சுலேஷன் பார்த்து, குழாயில் அழுத்தம் ஏற்றி ஒரு முழு ராத்திரி இறங்காமல் நிற்கிறதா என்று காத்திருந்து, அதே ரகத்தில் மற்ற 39 பெட்டிகளின் இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்க்க இரண்டரை நாள்.

அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை ஒன்றுமே ஆகியிருக்காது. சொட்டு நேராகத் தரையில் விழுந்து காய்ந்துகொண்டே இருந்திருக்கலாம். இந்த வேலையின் கஷ்டம் அதுதான். தீப்பிடித்தால் காரணம் கண்டுபிடித்து அறிக்கை எழுதுவார்கள்; பிடிக்காமல் போனதற்கு ஒரு தாளும் கிடையாது. மேனேஜரின் கணக்கில் அது வெறுமனே போன இரண்டரை நாள்.

28 ராத்திரி வீட்டுக்குப் போன் செய்தார். மனைவிக்கு ‘ஹலோ’விலேயே புரிந்துவிட்டது.

“டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டீங்களா?”

“ம்.”

“நீங்க ஒருத்தர் இல்லன்னா அங்க யாருமே இல்லையா?” என்று தொடங்கியவர், அதை முடிக்காமல் வேறொன்று கேட்டார். “நீங்க சொல்லாம விட்டிருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார். “அந்தப் பெட்டிக்குப் பின்னாலதான் வாட்ச்மேன் ரெண்டு பேரு கட்டில் போட்டுப் படுத்திருக்காங்க.”

அந்தப் பக்கம் போன் வைக்கப்படவில்லை. பேச்சும் வரவில்லை. மாமனார் திண்ணையில் இருமுவது மட்டும் கேட்டது.

31-ம் தேதி பகலில் 40 பெட்டிகளையும் நிறைத்தார்கள். மாலையில் முழு 100 மெகாவாட்டில் இரண்டு மணி நேரம் வெளியே விட்டார்கள். ஏற்றியதில் நூற்றுக்கு 85 பங்காவது திரும்ப வர வேண்டும் என்பது இந்திய டெண்டர்களில் வழக்கமான நிபந்தனை. வந்தது. இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் லட்டு சாப்பிட்டார்கள். அவர் 17-ன் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை கோயிலிலிருந்து வீடியோ கால். சந்தனம் பூசிய மொட்டைத் தலையும் மாமன் மடியும் தெரிந்தன. ஆசாரி கம்மலைக் கையில் எடுத்தபோது படம் அப்படியே உறைந்து நின்றது. சைட்டில் சிக்னல் அப்படித்தான். ஆயிரக்கணக்கான செல்களின் சூட்டை விநாடிக்கு விநாடி காட்டுகிற இடத்தில், மகள் அழுததைக் கேட்க முடியவில்லை.

சாயந்திரம் அப்பா பேசினார். “பாப்பா கொஞ்ச நேரம் அழுதா. ஒன் மச்சான்தான்யா அவளைவிட அழுதான்.” பிறகு, “அந்து விழுந்திருந்துச்சாமே? மருமக சொன்னா.”

“ஆமாப்பா. சின்னதுதான்.”

“சரி. சாப்பிட்டியாய்யா?”

ஏப்ரல் இரண்டாவது வாரம் ஊருக்குப் போனார். காது ஆறியிருந்தது. முதல் நாள் மகள் கிட்டே வரவில்லை. இரண்டாம் நாள் கம்மலைத் தொட்டுப் பார்க்க விட்டாள். மனைவி அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. சமையலறைக் காலண்டரில் பங்குனி உத்திரத்தன்று ‘அப்பா வருகை’ என்று எழுதி அடித்திருந்தது அப்படியே இருந்தது. ஆறு நாள் இருந்தார்.

அடுத்த சைட் குஜராத்தில். 64 பெட்டிகள். பாதிக்குமேல் இன்னும் முந்த்ரா துறைமுகத்தில் நிற்கின்றன. முடிக்க வேண்டிய தேதி மட்டும் மெயிலில் வந்துவிட்டது.