கரும்புத் தீவின் பழைய கடன்

பார்படோஸில் பேருந்து ஏறுகிற ஒவ்வொருவரும் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் காலை வணக்கம் சொல்கிறார்கள். அத்தனை பேரும் திருப்பிச் சொல்கிறார்கள்! முன்பின் தெரியாத என்னையும் பார்த்து ஒரு பாட்டி தலையசைத்தார். சன்னல் வழியே கடற்காற்று, காதைப் பிளக்கும் பாட்டு, மடியில் பலாக்காய் போல ஒரு சீமைப்பலாவோடு பக்கத்து இருக்கைப் பெரியவர். இப்படி ஒரு பயணம் எனக்கு வாய்க்குமென்று நினைத்ததே இல்லை.

பிரிட்ஜ்டவுனைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு. எனக்குக் கரும்பென்றால் பொங்கல். வாசலில் சாய்த்து வைத்த கட்டு, கடித்துத் துப்பிய சக்கை, மாடு இழுக்கும் தோகை. அந்த இனிப்பை நாக்கில் வைத்துக்கொண்டே நியூட்டனில் இறங்கினேன்.

பழைய தோட்டமொன்றின் ஓரத்தில் புல் மூடிய சரிவு அது. பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. அடிமைகளாக வாழ்ந்து மடிந்த சுமார் 570 பேர் அந்த மண்ணுக்குள் இருக்கிறார்கள். 1970களில் ஆய்வாளர்கள் தோண்டியபோது ஒருவருடைய எலும்புகளோடு ஒரு மாலையும் கிடைத்தது. சோழி, நாய்ப்பல், மீன்முள், கண்ணாடி மணி, கூடவே ஒரு சூதுபவளம். அந்தக் கல் குஜராத்தின் காம்பேயிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அட! நம் கீழடிக் குழிகளில் கிடைத்த அதே வகைக் கல், இத்தனை கடல் தாண்டி, பெயர் தெரியாத ஒரு மனிதரின் கழுத்தில். வெயில் சுட்டெரித்தது. எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

செயிண்ட் ஜார்ஜ் பக்கம் ட்ராக்ஸ் ஹாலைச் சாலையில் நின்றுதான் பார்த்தேன், தனியார் இடம். 1650களில் எழுந்த கல்மாளிகை. கட்டிய குடும்பத்திடமே இன்றும் இருக்கிறது. அடிமைமுறை ஒழிந்தபின், 1836இல், இங்கிருந்த 189 பேரை விடுவித்ததற்காக அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது 4,293 பவுண்டு. விடுபட்டவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்கும் மேலே, 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை பழைய எசமானர்களுக்கே கூலியில்லாமல் உழைத்தார்கள். 2024இல் இந்த நிலத்தில் 53 ஏக்கரை அரசே விலை கொடுத்து வாங்கி வீடு கட்டப் போகிறது என்றதும் ஊர் கொதித்திருக்கிறது. கொதிக்காதா பின்னே? பிரதமர் மியா மோட்லி அதை நிறுத்திவைத்தார்.

அடிமைமுறைக்கு இழப்பீடு கேட்பது நடக்கிற காரியமா என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: இந்தத் தீவை ஆண்ட பிரிட்டன் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறது. எசமானர்களுக்கு, 2 கோடி பவுண்டு! அந்நாட்டு அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். அதற்காக வாங்கிய கடன் அடைந்து முடிந்தது 2015இல். நேற்று முடிந்த கணக்கை எப்படிப் பழங்கதை என்று தள்ளுவது?

மதியம் ஒரு சிறிய கடையில் சாப்பாடு. மக்காச்சோள மாவில் வெண்டைக்காய் சேர்த்துக் கிண்டிய களி, மேலே பறக்கும் மீன் குழம்பு. ஆவி பறக்க, மிளகும் தைம் இலையும் மணக்க, அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். கடைக்கார அம்மா தனக்கு எடுத்த தேநீரில் சர்க்கரை போடவில்லை, நீரிழிவாம். கரீபிய நாடுகள் 2014இல் முன்வைத்த பத்து அம்ச இழப்பீட்டுத் திட்டத்தில் இந்த நோயும் இருக்கிறது. முதல் அம்சம் முறையான மன்னிப்பு. அதைக் கூட இன்னும் பிரிட்டன் கேட்கவில்லை.

காலையில் பார்த்ததையும் அந்தக் கடன் கணக்கையும் அந்த அம்மாவிடம் கொட்டினேன். கடன் அடைந்தது 2015இல் என்றதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் அக்கா இங்கிருந்து லண்டன் போய் நர்ஸ் வேலை பார்த்தாள், மகனே. ஓய்வு பெறும்வரை வரி கட்டினாள். எங்கள் கொள்ளுப்பாட்டனை வைத்திருந்தவனுக்குக் கொடுக்க வாங்கிய கடனையா அவள் அடைத்தாள்?"

"ஆமாம்மா," என்றேன்.

"அப்படியானால் அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்," என்றார்.