ஒரு கிளாஸ் தேநீரும் அண்டை வீட்டார் உரிமையும்



சென்னை சென்ட்ரலை அடுத்த மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால், முதலில் வரும் நிறுத்தம் பேசின் பாலம். அங்கே இறங்கிச் சற்றுத் தொலைவு நடந்தால் புளியந்தோப்பு வந்துவிடும். பெயரில்தான் தோப்பு இருக்கிறது. தெருவில் நீங்கள் காண்பவை ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஆட்டுத்தொட்டிக்குச் செல்லும் வண்டிகள், மழைக்காலத்தில் பெருகி வாசலைத் தொடும் ஓட்டேரிக் கால்வாய் ஆகியவையே. இவ்வூர் மதரஸாவில் ஆசிரியனாக நான் வந்து சேர்ந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இங்கு நான் கண்ட ஓர் எளிய இடத்தைப் பற்றி, அதாவது தேநீர்க் கடையைப் பற்றி, உங்களுடன் சில செய்திகளைப் பகிர விரும்புகிறேன்.

டீக்கடையில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். என் எண்ணத்தை முதலில் அசைத்தது, கனடாவிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. டொரன்டோ நகரில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், அந்நாட்டின் காபிக் கடைகளைப் பற்றி நெடுநேரம் பேசினார். “அஜரத், இங்கே டோனட் என்று ஒரு பண்டம் விற்கிறார்கள். நம்முடைய மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை. ஆனால் மைதாவில் செய்து, பொரித்து, மேலே சர்க்கரைப் பாகு பூசிவிடுவார்கள். பனி கொட்டும் காலத்தில் நம்முடைய ஈழத்துப் பெரியவர்கள் காலையிலேயே வந்து, ஒரு காபியை வைத்துக்கொண்டு மதியம் வரை அமர்ந்து பேசுகிறார்கள். வெள்ளைக்காரப் பெரியவர்களும் அப்படியேதான்” என்றார்.

அக்கடைகளுள் பெயர் பெற்றது டிம் ஹார்ட்டன்ஸ். பனித்தரை ஹாக்கி விளையாட்டில் புகழ் பெற்ற டிம் ஹார்ட்டன் என்பவர் 1964ஆம் ஆண்டு ஹாமில்டன் நகரில் அதைத் தொடங்கினார். 1974இல் அவர் கார் விபத்தில் மறைந்தார். கடையோ நாடெங்கும் பரவியது. இரண்டு பங்கு பாலாடையும் இரண்டு பங்கு சர்க்கரையும் சேர்த்த காபியை அங்கே ‘டபுள் டபுள்’ என்று கேட்பார்கள். 2004ஆம் ஆண்டு அச்சொல் கனடிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. ஆப்கானிஸ்தானில் கனடியப் படைகள் இருந்த காலத்தில், 2006 முதல் 2011 வரை கந்தஹார் தளத்தில்கூட அக்கடை நடந்தது. தாய்நாட்டை நினைவூட்ட ஒரு குவளைக் காபி போதும் என்று அவர்கள் கருதினார்கள் போலும்!

அவர்களுடைய ‘டபுள் டபுள்’ போல நமக்கும் ஒரு வழக்குச் சொல் உண்டு. அதுதான் ‘ஒன் பை டூ’. கையில் ஒருவருக்குரிய காசுதான் இருக்கிறது, உடன் நண்பர் இருக்கிறார் என்றால், ஒரு தேநீரை இரண்டு கிளாஸில் பகிர்ந்து ஊற்றச் சொல்கிறோம். மாஸ்டரும் முகம் சுளிக்காமல் ஊற்றிக் கொடுக்கிறார்.

எங்கள் தெருமுனைக் கடை விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துவிடும். பாய்லரில் நீர் கொதிக்கும். துணிப் பையில் தூள் இறங்கும். பாலும் டிக்காஷனும் கலந்து மாஸ்டரின் கைகளுக்கிடையே உயர்ந்து தாழ்ந்து நுரைக்கும். முதலில் வருபவர்கள் ஆட்டுத்தொட்டித் தொழிலாளர்களும் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்களும். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் நாங்கள் வருவோம். பின்னர் ஆட்டோ ஓட்டுநர்கள், துறைமுகத்துக்குச் செல்லும் சுமைதூக்குவோர், பள்ளிக்கூடம் போகும் முன் பன் வாங்க வரும் பிள்ளைகள். மாலையில் வெங்காய சமோசாவுக்கு ஒரு கூட்டம். ரமளான் மாதத்திலோ தராவீஹ் தொழுகைக்குப் பின்தான் கடைக்கு விடியல்!

அந்த பெஞ்சின் அருமையை உணர வேண்டுமானால் இவ்வூரின் வரலாற்றில் ஒரு பக்கத்தைப் புரட்ட வேண்டும். அருகிலிருந்த பக்கிங்காம்-கர்நாடிக் ஆலைகளில் 1921ஆம் ஆண்டு பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒருபுறமும், வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்த சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் மறுபுறமுமாகப் பிரிந்து, புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரே ஆலையில் வியர்வை சிந்தியவர்கள் ஒருவரை ஒருவர் அஞ்சி வாழ்ந்த காலம் அது. அந்த ஆலையும் 1996இல் மூடப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை வைத்த கொடுமையையும் நாம் அறிவோம். இன்று எங்கள் கடையில் அந்த இரு தரப்பாரின் பேரப்பிள்ளைகள் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே தொட்டியில் கழுவிய கிளாஸில் குடிக்கிறார்கள். இது சிறிய செய்தி அன்று.

அந்தத் தேயிலைக்குப் பின்னும் நம் மக்களின் கண்ணீர் இருக்கிறது. ஹார்ட்டன் கடை திறந்த அதே 1964இல்தான் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அவையே பிறகு ‘டான்டீ’ நிறுவனமாயின.

இத்தனையும் அறிந்திருந்தும், வாசகர்களே, நான் என் மாணவர்களுக்கு என்ன போதித்தேன் தெரியுமா? “டீக்கடையில் நிற்காதீர்கள், அது புறம் பேசும் இடம், நேரத்தைத் தின்னும் இடம்” என்றேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இது பழைய வழக்கு. யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் உறக்கம் வராதிருக்கக் காபி அருந்தினார்கள். அதே காபியை 1511இல் மக்காவின் அதிகாரி கைர் பேக் தடை செய்தார். பானத்தின் மீது இருந்த ஐயத்தைவிட, அதைச் சுற்றிக் கூடிப் பேசியவர்கள் மீது இருந்த ஐயமே பெரிது என்பார்கள். அத்தடை நெடுநாள் நிற்கவில்லை. மக்கள் கூடுமிடத்தில் தீமையும் உண்டு, நன்மையும் உண்டு. நான் தீமையை மட்டுமே கண்டேன்.

நன்மையை எனக்குக் காட்டியவர் ஒரு முதியவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்தவர். மனைவி மறைந்தபின் என் வீட்டிற்கு மூன்றாவது வீட்டில் ஓர் அறையில் தனியே வாழ்ந்தவர். சகோதர சமயத்தவர். எல்லோருக்கும் அவர் ‘தாத்தா’. காலை ஐந்தரைக்குக் கடைக்கு வருவார். செய்தித்தாளின் நடுப்பக்கத்தை எனக்குத் தந்துவிட்டு மற்றதைத் தாம் படிப்பார்.

ஒரு நாள் அவர் வரவில்லை. ஆறு மணியானதும் மாஸ்டர் பாய்லரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். “அஜரத், தாத்தா இன்னும் வரலை. அவரு இப்படி இருக்க மாட்டாரு. வாங்க, போய்ப் பார்ப்போம்” என்றார். கதவைத் தள்ளினோம். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து தரையில் கிடந்தார். ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். உரிய நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் மருத்துவர். இரண்டு மாதங்களில் தாத்தா கோலூன்றி மீண்டும் பெஞ்சுக்கு வந்துவிட்டார்.

பின்னர் 2020 மார்ச் 25 வந்தது. நாடு அடங்கியது. கடை மூடப்பட்டது, பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். நாங்கள் வீட்டினுள் இருந்தோம். தாத்தாவும் தம் அறையில் இருந்தார். அவர் காய்ச்சலில் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர்தான் கண்டார். அதற்குள் மூன்று நாட்களாக அவர் எதுவும் உண்டிருக்கவில்லை. மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்து இறந்துபோனார்.

அவருக்கும் எனக்கும் இடையே இரண்டே வீடுகள். என் அடுப்பில் மூன்று வேளையும் சமையல் நடந்தது. ஊரடங்குக்கு முந்திய வாரம்தான் மாணவர்களுக்கு ‘அண்டை வீட்டாரின் உரிமைகள்’ என்னும் பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். பாடம் நடத்தியவன் நான். அதன்படி நடந்தவரோ டீ மாஸ்டர். அவருடைய கடை திறந்திருந்தால் மறுநாள் காலையே கதவு தட்டப்பட்டிருக்கும். என் வீட்டுக் கதவு திறந்தே இருந்தும், தாத்தாவின் கதவு தட்டப்படவில்லை. இதை எழுதும்போதும் என் மனம் கூசுகிறது.

கடை மீண்டும் திறந்தபின் மாஸ்டரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. “தாத்தாவுக்காவது பெஞ்சு இருந்துச்சு அஜரத். நம்ம தெருவுல தனியா இருக்கிற அம்மாங்களுக்கு அதுவும் இல்லையே” என்றார். திகைத்து நின்றேன். உண்மைதானே! டொரன்டோவில் பாட்டிமார்களும் காபிக் கடையில் அமர்ந்து கதை பேசுகிறார்கள் என்று என் மாணவர் சொல்லியிருந்தார். எங்கள் பெஞ்சிலோ பெண்களுக்கு இடமில்லை. அவர்களுக்குரிய தேநீர் தூக்குச் சட்டியில் வீட்டுக்குச் செல்கிறது. ஒரு நாள் சட்டி வராவிட்டால் யார் கேட்பது?

அன்று இருவருமாக அமர்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் தனித்து வாழ்வோர் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேர் பெண்கள். எந்தச் சமயத்தவர் என்று பார்க்கவில்லை. கடையில் வேலை செய்யும் தம்பி காலை ஏழு மணிக்குள் ஒன்பது வாசல்களுக்கும் தேநீர் கொண்டு செல்கிறார். காசு கொடுக்க இயன்றவர்கள் கொடுக்கிறார்கள். மற்றவர்களுக்குரியதைத் தொழுகைக்கு வரும் நாங்கள் சிலர் மாத இறுதியில் கொடுத்துவிடுகிறோம். கதவு திறக்காவிட்டால் அந்தத் தம்பி நேரே என் வீட்டிற்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. அல்ஹம்துலில்லாஹ், இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டு முறையும் நேரத்தோடு உதவ முடிந்தது.

இதற்குச் சங்கம் தேவையில்லை, ரசீதுப் புத்தகம் தேவையில்லை. உங்கள் தெருவிலும் ஒரு டீக்கடை இருக்கும். தனியே வாழும் ஒரு பெரியவரோ, ஒரு விதவைத் தாயோ இருப்பார்கள். நேற்று அவர்களைக் கண்டவர் யார் என்று இன்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். எவருக்கும் விடை தெரியாவிட்டால், இவ்விதழை மூடி வைத்துவிட்டுப் போய் அந்தக் கதவைத் தட்டுங்கள். கையில் ஒரு கிளாஸ் தேநீர் இருந்தால் இன்னும் நல்லது.