எண்பதுக்குப் பின் ஒன்பது

நேற்று மாலை, ஐந்து வயதாகும் என் பேத்தி, திண்ணையில் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்துக்கொண்டு, இருபது, முப்பது, நாற்பது என்று ராகமிழுத்து எண்ணி வந்தவள், எண்பது வந்ததும் சற்றும் தயங்காமல் ‘ஒன்பது’ என்றாள். ‘தொண்ணூறு’ என்று நான் திருத்தியபோது அவள் முகத்தில் தோன்றிய நியாயமான கோபம் இரவு முழுவதும் என்னை விட்டு அகலவில்லை. பது, பது என்று வரிசையாய் வந்த விதியை அவள் மீறவில்லையே, நம் மொழியல்லவா அவ்விடத்தில் திடீரென்று வழி மாறுகிறது!

தத்துவஞானி விட்கென்ஸ்டைன் காலமான பின் 1953இல் வெளிவந்த ‘தத்துவ ஆய்வுகள்’ என்னும் நூலில் ஒரு மாணாக்கன் வருகிறான். இரண்டிரண்டாகக் கூட்டி எழுதப் பழகிய அவன், 1000ஐத் தாண்டியதும் 1004, 1008 என்று எழுதிவிட்டு, தான் முன்போலவே செய்வதாக மனப்பூர்வமாகச் சொல்கிறான். முன்பு காட்டிய உதாரணங்கள் எத்தனையாயினும், இனிச் செய்ய வேண்டியதை அவை தாமாகவே நிர்ணயித்துவிடுவதில்லை என்பதும், விளக்கத்துக்கு விளக்கம் தேடிப் போனால் அதற்கு முடிவே இராது என்பதும், பயிற்சியாலும் பலரும் கூடிப் பேணும் வழக்கத்தாலுமே ‘சரி’, ‘தவறு’ என்ற சொற்களுக்கு அர்த்தம் பிறக்கிறது என்பதும் அவரிடம் நான் கற்றவை. (1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமங்களில் பள்ளி ஆசிரியராயிருந்து, சிறுவர்களுக்கென ஓர் அகராதியும் தொகுத்தவர் அவர், அந்த மாணாக்கனை அங்கேதான் கண்டிருப்பாரென்று எனக்குத் தோன்றுகிறது.)

இன்று காலை மறுபடியும் எண்ணினாள். எண்பது வந்ததும் நிறுத்தி, கையில் ஒரு புளியங்கொட்டையைப் பிடித்தபடி, என் உதடுகளையே பார்த்தாள்.